ஓரம் தேயாத டயர்

மூன்றாம் ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் ஜெனோ விழுந்தான்.

கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு கோயிலில் பெண்ணின் பேரையும் மாப்பிள்ளையின் பேரையும் வாசித்து, தடை உண்டானால் சொல்லலாம் என்று சாமியார் கேட்பார். மூன்று தடவையும் யாரும் வாய் திறக்கவில்லை. பூசை முடிந்து வீட்டுக்கு வந்து இட்லி தின்றான். தாய் எடுத்துக்கொடுத்த கல்யாணச் சேலையைப் பையில் வைத்துக்கொண்டு, பெண்வீடு இருக்கும் கீழவைப்பாருக்கு மோட்டார் சைக்கிளில் புறப்பட்டான். அந்த ஊருக்குத் திரும்பும் வளைவில் வண்டி அவனை விட்டுவிட்டுப் போனது. எதிரே லாரி இல்லை. மழை இல்லை. ரோட்டில் மண் இல்லை. தலை மைல்கல்லில் அடித்திருந்தது. ஹெல்மெட் டேங்கின் மேல் இருந்திருக்கிறது. செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து அவனை வெள்ளைத் துணியில் கொண்டுவந்தார்கள்.

வில்பிரட்டின் வீடு எங்கள் தெருவில் தலை நிமிர்ந்து நின்ற வீடு. அவர் தோணித் தண்டல், தோணியை நடத்திப்போகிற தலைவர். தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் உப்பும் வெங்காயமும் ஏற்றிப்போய், ஒரு மூட்டை குறையாமல் இறக்கிவிட்டு வந்தவர். தண்டல் சொன்னார் என்றால் வியாபாரிகள் மறுபடி எண்ணிப் பார்த்தது கிடையாது. அவருக்கும் பிளாரன்சுக்கும் ஒரே மகன் ஜெனோ. துறைமுகத்தில் கப்பலின் மேல் கன்டெய்னர்களைக் கம்பி போட்டுக் கட்டும் வேலை பார்த்தான்.

அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை குடித்துவிட்டு விழுந்தான் என்று பேச்சுக் கிளம்பியது.

வெறும் குடி என்றால் ஊர் ஒரு வாரம் பேசிவிட்டு விட்டிருக்கும். இது அப்படி இல்லை. பெண்ணின் தகப்பன் ஜோன்ஸ் தன் மூத்த மகனைக் குடிக்குப் பறிகொடுத்தவர். பெண் கேட்டுப் போனபோதே, "எம் மவ இன்னொரு குடிகாரன் பொணத்துக்கு அழக்கூடாது, பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டார். ஜெனோவும் அதுவரை கூட்டாளிகளோடு தொட்டுக்கொண்டிருந்தவன்தான். குருசின் மேல் கைவைத்து, இனித் தொடுவதில்லை என்று எல்லார் முன்னாலும் சொன்னான். அந்தச் சத்தியத்தின் மேல்தான் விஜிலாவைக் கொடுக்கச் சம்மதித்தார்கள்.

விழுந்ததற்கு முந்தின இரவு அவன் சேக்காளிகள் கூடி விருந்து வைத்தார்கள். அவர்கள் குடித்தார்கள். அவன் வறுத்த நெத்திலியும் சோடாவுமாக அவர்கள் நடுவில் உட்கார்ந்திருந்தான். உட்கார்ந்திருந்ததைக் கண்டவர்கள் சோடாவைக் காணவில்லை. ஆஸ்பத்திரியில் குடியைப் பற்றி ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை. தண்டல் ஆள் வைத்து எழுதாமல் செய்துவிட்டார் என்றார்கள்.

கீழவைப்பாரிலிருந்து சொல்லி அனுப்பினார் ஜோன்ஸ்: "முப்பதாம் நாள் பூசைக்கு நாங்க வரல." அவர்கள் வந்து இழவு வீட்டில் கை நனைத்தால் ஜெனோ அந்த வீட்டு மருமகனாகப் போனவன். வராவிட்டால் சத்தியம் தப்பிச் செத்தவன். எங்கள் கரையில் இதற்கு மூன்றாவது அர்த்தம் கிடையாது.

வண்டியைப் போலீஸ் விட்டதும் அது மட்டக்கடைக்குப் பக்கத்தில் வேல்ராஜின் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தது. வில்பிரட் வெள்ளைச் சட்டையின் மேல் பொத்தானையும் போட்டுக்கொண்டு அங்கே போனார். விழுந்ததற்கு முந்தின நாள் அந்த வண்டிக்குப் புது டயர்களைப் போட்டவன் வேல்ராஜ்தான். சாயர்புரத்துப் பக்கத்துக்காரன். வாய் ஓயாதவன், அன்றைக்குப் பேசாமல் ஸ்டூலைத் துடைத்துப் போட்டான்.

"உக்காருங்க அண்ணாச்சி."

"உக்கார வரல. எம் மவன் எப்படி விழுந்தான்னு நீ சொல்லு. அந்த வளைவுல அவன் எட்டு மாசமா போயி வாரவன். கண்ணக் கட்டிவிட்டாலும் போவான்."

"அதுதான் அண்ணாச்சி வினை. போன தடவ வரைக்கும் போனது பழைய டயர்ல."

"புதுசு நல்லாப் புடிக்கணும்லா?"

"எல்லாரும் அப்டித்தான் நெனைக்காக." வேல்ராஜ் மூலையில் கிடந்த குவியலிலிருந்து ஒரு டயரை உருவி எடுத்தான். "இது அவன் வண்டியில கழட்டுனது. தடவிப் பாருங்க. நடுவுல எப்படி இருக்கு?"

வில்பிரட் தடவினார். பலகை போலத் தட்டையாக இருந்தது.

"வீடு விட்டா துறைமுகம், துறைமுகம் விட்டா வீடு. நேர் ரோடு. நடு மட்டும் தேஞ்சு மட்டமாயிட்டு. இந்த டயர்ல வண்டி நட்டமா நிக்கத்தான் பாக்கும், சாய மாட்டேன்னு அடம்புடிக்கும். வளைவு வந்தா ஹேண்டில்பாரத் தள்ளணும், ஒடம்பச் சாய்க்கணும், மல்லுக்கட்டணும். ஜெனோ அப்டி மல்லுக்கட்டியே பழகுன பய. புதுசப் பாருங்க, உருண்டையா இருக்கு. இதத் தள்ளவே வேண்டாம். தொட்டாப் போதும், சாஞ்சிரும். அவன் பழைய பலத்துல தள்ளியிருப்பான். அவன் நெனச்சதுக்கு ரெண்டு மடங்கு சாஞ்சிருக்கும்."

வில்பிரட் கொஞ்சநேரம் இரண்டு டயரையும் பார்த்தார். "பாரம் ஏத்துன தோணிக்குச் சுக்கான் புடிச்ச கையால வெறுந்தோணிய ஓட்டுன மாதிரி."

"தோணியப் பத்தி நமக்கு என்ன தெரியும் அண்ணாச்சி, நான் கப்பல் பாத்ததே பனிமயமாதா திருவிழாவுக்கு வரும்போதுதான். ஆனா நீங்க சொல்லுதது சரி. அதோட, புது ரப்பர் மேல ஒரு மினுக்கம் இருக்கும். ஓட ஓடத்தான் அது போவும். மெதுவா ஓட்டு, கொஞ்சம் கொஞ்சமாச் சாயின்னு அவங்கிட்ட சொன்னேன். 'சரி மாப்ள, கல்யாணத்துக்குள்ள தேச்சிருதேன்'னு சிரிச்சிட்டுப் போனான்."

"அப்ப அவன் குடிக்கல."

"குடிச்சவன் நேர் ரோட்டுலயே விழுந்திருப்பான் அண்ணாச்சி. இவன் தருவைகுளம் தாண்டி அவ்வளவு தூரம் ஒழுங்காப் போயிருக்கான்லா?"

வில்பிரட்டின் தோள் கொஞ்சம் இறங்கியது. மகன் செத்த பிறகு அவர் வாங்கிய முதல் நல்ல மூச்சு அது. திரும்பப் போனவரை வேல்ராஜ் தயங்கிக் கூப்பிட்டான்.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கட்டா? இந்த டயர்ல யாரு எண்ணெய் போட்டா?"

வண்டியைச் சாய்த்துக் காட்டினான். டயரின் நடுப்பகுதி ரோட்டில் ஓடிச் சுத்தமாக இருந்தது. இரண்டு ஓரங்களிலும் எண்ணெய் உறைந்து, செம்மண் தூசி அப்பிக் கிடந்தது. ஒரு பக்கத்து ஓரத்தில் மட்டும் உரசிய தடம்.

"நேராப் போற வரைக்கும் நடு ரப்பர்தான் தரையில படும். முதத் தடவயா நல்லாச் சாஞ்சது அந்த வளைவுலதான். சாஞ்சதும் எண்ணெய் ஓரம் தரையில பட்டிருக்கு. அதுக்குப் பெறகு தெய்வமே ஓட்டுனாலும் நிக்காது."

வில்பிரட் எண்ணெய் உறைந்த ஓரத்தைப் பார்த்தார். அவருக்கு யார் என்று தெரியும்.

உப்புக்காற்று அடிக்கும் ஊரில் எண்ணெய் படாத பொருள் ஒரு மழைக்காலம் தாங்காது. தோணி கட்டி இறக்கினாலும், தையல் மிஷின் வாங்கினாலும், சைக்கிள் வாங்கினாலும், வீட்டுப் பெண்பிள்ளை தன் கையால் முதல் எண்ணெய் தடவ வேண்டும். கோயில் விளக்கிலிருந்து கொஞ்சம் எண்ணெய் வாங்கிவந்து தேங்காயெண்ணெயோடு கலந்துகொள்வார்கள். பொருளுக்கும் காவல், அதை ஆளுகிறவனுக்கும் காவல். சனிக்கிழமை சாயங்காலம் பிளாரன்ஸ் வாசலில் குந்தி உட்கார்ந்து, பிள்ளையின் தலையில் தேய்ப்பது போல இரண்டு டயரிலும் தேய்த்தாள். டயர் கருகருவென்று மின்னியது. ஜெனோ, "எம்மா, அதுக்கும் சீயக்கா போட்டு ஊத்துவியோ" என்று கேலி பண்ணிக்கொண்டு நின்றான். நாற்காலியில் இருந்த வில்பிரட், "ஏளா, ஓரத்துல விட்டுட்டியே" என்று விரலை நீட்டிக் காட்டினார். அவள் ஓரத்திலும் தேய்த்தாள்.

"வேலு."

"சொல்லுங்க அண்ணாச்சி."

"அதத் தொடச்சிரு. இது ஒன் வாயில இருந்து வரக்கூடாது."

"என் புள்ளைக மேல ஆணையா வராது."

அன்று மத்தியானம் பிளாரன்ஸ் குசினியில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். மகன் போனதிலிருந்து அவள் இரண்டு பேருக்குச் சமைக்கத் தெரியாமல் மூன்று பேருக்கே பொங்கி, மிச்சத்தில் தண்ணீர் ஊற்றிவைத்தாள். மீன் வாங்குவதை விட்டுவிட்டாள். வெளியே கச்சான் காற்று தெருப் புழுதியை எல்லாம் அள்ளிக்கொண்டுவந்து கதவில் அடித்தது.

"போனியளே, என்ன சொன்னான் அந்த வேலு?"

டயர் உருண்டையாக இருந்ததையும், தொட்டால் சாய்வதையும், அவன் பழைய பலத்தில் தள்ளியதையும் சொன்னார். மற்றதைச் சொல்லவில்லை.

அவள் அரிசிப் பானையைக் கீழே வைத்தாள். "அப்ப டயரா? டயருதானா?"

"ஆமா."

"மாதாவே! எம் புள்ள சொன்ன சொல்லுத் தப்பலன்னு எனக்குத் தெரியுமே." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அத ஏன் இங்கன நின்னு எங்கிட்டச் சொல்லுதீய? அவுக வீட்டுல போய்ச் சொல்லுங்க. தண்டல் வார்த்தைக்கு அங்கன மதிப்பு உண்டும்லா. நானும் வாரேன்."

"நீ எதுக்கு?"

"நான் பெத்தவ. எம் புள்ள நல்லவன்னு அவுக சொல்லுதத நான் எங் காதால கேக்கணும்."

அன்றைக்குச் சாயங்காலம் அவள் மீன்காரியை நிறுத்திச் சாளை வாங்கினாள். குழம்பு வைத்து, தானும் உட்கார்ந்து தின்றாள். அவள் தின்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தார் வில்பிரட்.

கீழவைப்பாரில் ஜோன்சுக்கு நண்டுக் கொட்டகை. கரை வந்த நண்டுகளைத் தரம் பிரித்து, ஐஸ் போட்டு லாரிக்கு ஏற்றுகிற இடம். வில்பிரட்டும் பிளாரன்சும் போனபோது அவர் முழங்கை வரை ஐஸ்தூள் ஒட்ட நின்றுகொண்டிருந்தார். வாங்க என்று சொன்னார். உட்காருங்கள் என்று சொல்லவில்லை. விஜிலா கொட்டகை வாசலில் வந்து தூணோடு நின்றாள். கல்யாணத்துக்கு என்று தைத்த ரவிக்கைகளில் ஒன்றைப் போட்டிருந்தாள். கறுப்புச் சாயம் ஏற்றியிருந்தது. கழுத்தில் ஒரு சின்னக் குருசு.

வில்பிரட் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். ஜோன்ஸ் கேட்டுக்கொண்டு ஒரு நண்டின் கொடுக்கைக் கயிறு போட்டுக் கட்டினார்.

"சம்மந்தி, நான் இருவது வருசமா மோட்டார் சைக்கிள் ஓட்டுதேன். புது டயர் போட்டு ஒருத்தன் செத்தான்னு நான் கேட்டது இல்ல. டயர் தேஞ்சு செத்தவனுவ உண்டு. ஊரு சிரிக்கும்."

"ஊரு கெடக்கட்டும். நீரு ஓட்டிப் பாரும். ஒம்ம வண்டியில அதே டயர் ரெண்டப் போடச் சொல்லுதேன். வேல்ராஜ் வந்திருக்கான், வெளிய நிக்கான்."

"ஓட்டிப் பாத்து?"

"நான் சொன்னது நெசமுன்னா முப்பதுக்கு வாரும். இல்லன்னா இந்தப் பக்கம் நான் தலை வச்சுப் படுக்க மாட்டேன்."

ஜோன்ஸ் நண்டைக் கூடையில் போட்டார். மகளைப் பார்த்தார். அவள் தலையை அசைத்தாள்.

ஜோன்சின் வண்டி டயரும் நடுவில் மட்டமாகத் தேய்ந்ததுதான். வேல்ராஜ் அதைக் கழற்றி, கொண்டுவந்த புதிய இரண்டையும் அங்கேயே கம்பி போட்டு நெம்பி ஏற்றினான். எல்லாரும் ஜெனோ விழுந்த ஊர்விலக்கு வளைவுக்குப் போனார்கள். இரண்டு பக்கமும் உப்பளம். உப்புக் குவியல்களை ஓலை போட்டு மூடியிருந்தார்கள். காற்று ஓலைகளைப் படபடவென்று அடித்தது. மைல்கல்லில் யாரோ செவ்வந்திப் பூ வைத்திருந்தார்கள், காய்ந்துபோயிருந்தது. விஜிலா பார்க்காமல் இருந்ததிலேயே யார் வைத்தது என்று தெரிந்தது.

"மெதுவாப் போங்க அண்ணாச்சி," என்றான் வேல்ராஜ். "கலியாணப் பொண்ணுகிட்டப் பேசுத மாதிரி. அதட்டிராதீங்க."

ஜோன்ஸ் முதல் தடவை பைய வந்தார். இரண்டாவது தடவை அவர் வழக்கமாக வருகிற வேகத்தில் வந்தார். வளைவில் உடம்பைச் சாய்த்ததும் வண்டி சட்டென்று உள்ளே விழுந்தது. "ஏசுவே!" என்று கத்திக்கொண்டு காலை ஊன்றி, ரோட்டை விட்டு உப்பள வரப்பு வரை போய்த்தான் நிறுத்தினார். கொஞ்சநேரம் இறங்காமல் உட்கார்ந்திருந்தார்.

பிளாரன்ஸ் ஓடிப்போனாள். "அடி பட்டுட்டா அண்ணே?"

"இல்லம்மா." அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். முகம் வேர்த்திருந்தது. "நெசந்தான் சம்மந்தி. நான் திருப்பவே இல்ல, அதுவாத் திரும்புது. கூட யாரோ உக்காந்து தள்ளுத மாதிரி இருக்கு."

பிளாரன்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். விஜிலா வந்து அவள் கையைப் பிடித்தாள். அந்த நிமிஷத்தில் வீடு திரும்பியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும்.

ஆனால் ஜோன்ஸ் அரைகுறையாக விடுகிற ஆள் இல்லை. குனிந்து டயரை விரலால் தேய்த்துப் பார்த்தார். ரோட்டையும் பார்த்தார்.

"ஒண்ணு மட்டும் எனக்கு வெளங்கல. இது உள்ள சாயிது. சாஞ்ச பெறகு புடிக்கி. புடிச்சதுனாலதான் நான் இப்ப நிக்கேன். அவனுக்குப் புடிக்கல. அன்னைக்கி நான் வந்து பாத்தேன், ரெண்டு சக்கரமும் வெளிய இழுத்துட்டுப் போயிருக்கு, வாழப்பழத்தோல மிதிச்ச மாதிரி. அது ஏன்?"

வேல்ராஜ் தரையைப் பார்த்தான்.

"அது புது ரப்பர்லா, மினுக்கம் இருக்கும்," என்றார் வில்பிரட்.

"இதுவும் புது ரப்பர்தான?"

பிளாரன்ஸ் கண்ணைத் துடைத்துவிட்டு, உதவி செய்கிற முகத்தோடு முன்னால் வந்தாள். "இந்த டயரு வறண்டுல்லா கெடக்கு அண்ணே. அவன் டயரு அப்டி இல்ல, கண்ணாடி மாதிரி மினுமினுன்னு இருந்துச்சு. மொத நாளு சாயங்காலம் நான் எங் கையாலயே…"

"குடிச்சிருந்தான்" என்றார் வில்பிரட்.

சத்தமாகத்தான் சொன்னார். தோணியில் காற்றுக்கு மேலே கேட்கும்படி சொல்லிப் பழகிய குரல். பிளாரன்சின் வாய் திறந்தபடியே நின்றது.

"என்ன சொல்லுதீய?"

"காலையில அவன் வாய் நாறிச்சு. நான் பாத்தேன். கல்யாண நேரத்துல சண்ட வேண்டாம்னு விட்டுட்டேன்."

"பொய்யி! நான்லா அவனுக்கு இட்லி வச்சேன். எனக்குத் தெரியாம எங்க நாறிச்சு?"

"நீ குசினிக்குள்ள நின்ன. வாசல்ல நின்னது நான்."

ஜோன்ஸ் வண்டியின் சாவியைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டார். கோபப்பட்டிருந்தால்கூட வில்பிரட்டுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் கோபப்படவில்லை. "அப்ப இவ்வளவு நேரம் என்னைய வச்சு வெளையாட்டுக் காட்டுனீரு?" என்று மட்டும் கேட்டார்.

விஜிலா முன்னால் வந்தாள். கழுத்தில் கிடந்த குருசை நூலோடு எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.

"மாமா. வெள்ளிக்கெழம போன்ல பேசும்போதுகூட, அவனுவ குடிக்கும்போது நான் எந்திரிச்சு வந்திருவேன்னுதான் சொன்னாவ. நீங்க சொல்லுதத நான் நம்பணும்னா இதுல கை வச்சுச் சொல்லுங்க."

வேல்ராஜ், "அண்ணாச்சி, வேண்டாம்" என்றான்.

வில்பிரட் பிளாரன்சைப் பார்த்தார். அவள் கைகள் இரண்டும் அடிவயிற்றுக்கு மேல் கோத்துக் கிடந்தன. அந்தக் கைகளோடு அவள் இன்னும் எத்தனை வருஷம் சோறு பிசைய வேண்டும், தலை வார வேண்டும், குருசு போட வேண்டும். அவர் குருசின் மேல் விரலை வைத்தார்.

"எம் மவன் குடிச்சிருந்தான்."

விஜிலா கையை மூடிக்கொண்டாள். "சரி மாமா" என்றாள். பிறகு உப்பளத்து வரப்பின் மேல் ஊரைப் பார்த்து நடந்தாள். காற்று அவள் சேலையைப் பின்னால் இழுத்தது. அவள் அதைச் சரிசெய்யவில்லை.

திரும்பும்போது பஸ்சில் பிளாரன்ஸ் பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள். தூத்துக்குடி வரும்வரை திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்ததும், "செத்தவன் எந்திரிச்சு வந்து கேக்க மாட்டான்னுதான சொன்னீய" என்றாள். அதற்குப் பிறகு அவரோடு பேசவில்லை.

முப்பதாம் நாள் பூசைக்குக் கீழவைப்பாரிலிருந்து ஒருவரும் வரவில்லை. போட்ட பந்தியில் பாதி காலியாகக் கிடந்தது. தெருக்காரர்கள் நாங்கள் அங்கே தலை குனிந்துதான் உட்கார்ந்திருந்தோம். விஜிலாவை அடுத்த தை மாதம் மணப்பாட்டில் கட்டிக்கொடுத்தார்கள் என்று கேள்வி.

வில்பிரட் இப்போதும் ஞாயிறு தோறும் கோயிலுக்கு வருகிறார். வெள்ளைச் சட்டை, மேல் பொத்தான், நிமிர்ந்த முதுகு. நற்கருணை கொடுக்கும் நேரத்தில் பெஞ்சில் இருக்கிறவர்கள் எல்லாம் எழுந்து வரிசையாகப் போவார்கள். பெரிய பாவத்தைச் சுமக்கிறவன் அதைச் சாமியாரிடம் சொல்லி வருந்தாமல் நற்கருணை வாங்கக்கூடாது. அவர் மட்டும் முழங்காலை ஒதுக்கி, அவர்களுக்கு வழி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மகன் செய்த அவமானம், கிழவர் பீடத்துக்குப் போகக் கூசுகிறார் என்று எங்கள் சனம் சொல்லுகிறது. ஒருநாள் சாமியாரே வீட்டுக்கு வந்து, பாவசங்கீர்த்தனத் தொட்டியில் என்னத்தைச் சொன்னாலும் வெளியே போகாது, வந்து இறக்கி வைத்துவிட்டுப் போங்கள் என்று கூப்பிட்டார்.

"சொல்லதுக்கு ஒண்ணும் கஷ்டம் இல்ல சாமி," என்றார் வில்பிரட். "செஞ்சதுக்கு மனசு வருந்தி மனஸ்தாபப்படணும்லா. அது எனக்கு வரல."

குசினி வாசலில் நின்ற பிளாரன்ஸ் அதைக் கேட்டாள். சாமியாருக்குக் காப்பியைக் கொண்டுவந்து வைத்தாள். வில்பிரட்டுக்கு வைக்காமல், தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனாள்.